குதிங்காலை ஊன்றாத பிள்ளை

தன் பிள்ளையின் குதிங்கால் நசுக்கப்படும் என்று காதால் கேட்ட ஒரு பெண், அதற்குப் பிறகு எந்தத் தைரியத்தில் பிள்ளை பெற்றாள்?

வேதாகமத்தின் முதல் தீர்க்கதரிசனத்தைப் பற்றி எனக்குள்ள கேள்வி இது. இன்றுவரை பதில் கிடைக்கவில்லை. ஏதேன் தோட்டத்தில் ஏவாளும் அவள் கணவனும் விலக்கப்பட்ட கனியைத் தின்றது வெளிப்பட்டவுடன், கடவுள் முதல் தண்டனையைப் பாம்புக்குச் சொல்கிறார். பாம்புக்கும் ஸ்திரீக்கும் பகை உண்டாகும். பாம்பின் வித்துக்கும் அவளுடைய வித்துக்கும் பகை உண்டாகும். அவள் வித்தாக வருகிறவர் பாம்பின் தலையை நசுக்குவார், பாம்பு அவருடைய குதிங்காலை நசுக்கும். மீட்பர் ஒருவர் வரப்போகிறார் என்பதற்கு வேதத்தில் உள்ள முதல் அடையாளம் இதுதான் என்று எங்களுக்குச் சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுத்தார்கள். நான் அதை மனப்பாடமாகச் சொல்லி ஒரு சோப்பு டப்பா பரிசு வாங்கியிருக்கிறேன். அப்போது என் மனத்தில் நின்றது பாம்பின் தலை. இப்போது எனக்கும் ஒரு பிள்ளை இருக்கிறது. குதிங்கால் என்ற சொல்லைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

இன்னொன்றும் கவனித்தேன். இந்த வாக்கு ஏவாளுக்குச் சொல்லப்பட்டதே இல்லை. பாம்பைப் பார்த்துச் சொன்னது. அவள் பக்கத்தில் நின்று கேட்டவள். பிரசவ வார்டில் டாக்டர் நர்ஸிடம் ஏதோ சொல்லிவிட்டுப் போவார். கட்டிலில் கிடக்கிற நாம் அதில் பாதியைப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்க நடுங்குவோம். அவளும் அப்படித்தான் நின்றிருப்பாள் என்று நினைக்கிறேன்.

நாங்கள் லோதி ரோடு பக்கம் அரசுக் குடியிருப்பில் இரண்டாவது மாடியில் இருக்கிறோம். என் கணவருக்கு மத்திய அரசு அலுவலகத்தில் வேலை. இரண்டு பேருக்கும் திருநெல்வேலிப் பக்கம். மகளுக்கு ஆறு வயது, டெல்லியில் பிறந்தவள். எங்களோடு தமிழ் பேசுவாள், ஆனால் எண்ணுவதும் அழுவதும் இந்தியில். தமிழ் எழுத்து தெரியாது. அந்தக் குறை தீரட்டும் என்றுதான் தமிழ்ச் சபையின் ஓய்வுநாள் பள்ளியில் சேர்த்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு முன்னால் பிள்ளைகளுக்கு நடக்கிற வகுப்பு அது.

இந்தக் கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைகள் ஆளுக்கொரு தீர்க்கதரிசன வசனம் சொல்ல வேண்டும் என்று வகுப்பு ஆசிரியை ஏற்பாடு செய்தார். உயர வரிசைப்படி நிற்க வைத்தபோது என் மகள்தான் எல்லாரையும் விடக் குட்டை. அதனால் முதலில் நிற்கிறவள் அவள். முதல் வசனமும் அவளுக்கு வந்தது. நான் அதை இந்தி எழுத்தில் எழுதி அடுக்களைச் சுவரில் ஒட்டினேன். அந்த வசனத்தில் ஒரு 'ழ'கூட இல்லை என்பதில் எனக்குச் சின்ன நிம்மதி.

குளிர்காலம் தொடங்கிப் பச்சைப் பட்டாணி மலிந்திருந்தது. இருவரும் தரையில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தோம். அவள் வசனத்தைத் தடங்கலில்லாமல் சொல்லி முடித்தாள். பிறகு கேட்டாள்.

“அம்மா, இஸ்திரி ஆன்ட்டிக்கு சாம்ப் மேல ஏன் குஸ்ஸா?”

“எந்த இஸ்திரி ஆன்ட்டி?”

“கீழ பேட் கிட்ட இருக்காங்கல்ல. நம்ம யூனிஃபார்ம் ப்ரெஸ் பண்றவங்க.”

எங்கள் பிளாக்குக்குக் கீழே மரத்தடியில் மேசை போட்டு, கரிப் பெட்டியால் துணி தேய்க்கிற ஒரு பெண் இருக்கிறார். குடியிருப்பில் எல்லாரும் அவரை இஸ்திரிவாலி என்பார்கள். ஸ்திரீக்கும் பாம்புக்கும் பகை என்பதை மகள் இஸ்திரிக்கும் பாம்புக்கும் பகை என்று கேட்டிருக்கிறாள். மேலே யோசித்தும் வைத்திருந்தாள். தலையை நசுக்குவது என்றால் சூடான பெட்டியைப் பாம்பின் தலைமேல் வைத்து ப்ரெஸ் செய்வது.

“ஒரேடியா ஃப்ளாட் ஆயிடும்” என்றாள். “ரோட்டி மாதிரி.”

நான் சிரித்தேன். சிரித்துவிட்டு விட்டிருக்கலாம். ஆனால் நான் படித்தவள், தப்பான பொருளோடு பிள்ளையை மேடையேற்றக் கூடாது என்கிற கடமை உணர்ச்சி வேறு.

“இஸ்திரி இல்லம்மா, ஸ்திரீ. ஸ்திரீன்னா பொம்பளை. இப்ப அம்மா இல்லையா, அது மாதிரி. வித்துன்னா விதை. பீஜ். இங்க பாரு, இந்தப் பட்டாணி மாதிரி. ஆனா இங்க பிள்ளைன்னு அர்த்தம். ஸ்திரீயோட வித்துன்னா அம்மாவோட பிள்ளை.”

“குதிங்கால்?”

“ஏடி.” இந்தியில் குதிங்காலுக்கு அதுதான் சொல்.

உள்ளறையிலிருந்து என் கணவரின் குரல் வந்தது. “அங்க யாரு யார ஏடி போடுதது?”

“உங்களை இல்ல. பேசாம இருங்க.”

“என்னைய ஏடின்னா நான் வரமாட்டேன். ஏலேன்னு கூப்பிட்டாத்தான் வருவேன்.”

மகள் சிரிக்கவில்லை. கையில் ஒரு பட்டாணியை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். புரிந்ததா என்று கேட்டேன். “அச்சா” என்றாள். அந்த 'அச்சா'வை நான் புரிதல் என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த வாரம் காற்று கெட்டுப்போய்ப் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். வகுப்புகள் எல்லாம் கைபேசியில். ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் அடைந்து கிடந்த நாட்களில்தான் கவனித்தேன், மகள் நுனிக்காலில் நடக்கிறாள். முதலில் விளையாட்டு என்று நினைத்தேன். பிறகு, மொசைக் தரை சில்லென்று இருக்கிறது, அதனால் என்று நினைத்துக் கம்பளிக் காலுறை வாங்கிக் கொடுத்தேன். காலுறையோடும் அப்படியேதான் நடந்தாள். குளியலறைக்குப் போகும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு, இரண்டு குதிங்காலும் தரையில் படாமல், உயரமான செருப்பு போட்டவள் மாதிரி. தூங்கும்போது ஷூவைக் கழற்ற மாட்டேன் என்றாள். அதட்டினேன். காலைப் போர்வைக்குள் சுருட்டி, குதிங்கால்களை உள்ளங்கைகளால் மூடிக்கொண்டு படுத்தாள்.

ஒரு மத்தியானம் கைபேசியில் தேடினேன். தேடியிருக்கக் கூடாது. பிள்ளைகள் நுனிக்காலில் நடப்பதற்கு ஒன்றுமில்லாத காரணமும் இருக்கிறது, வாயில் நுழையாத பெயருள்ள நோய்களும் இருக்கின்றன. ஒன்றுமில்லாத காரணத்தை நான் ஒரு தரம் படித்தேன். நோய்களைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அவள் எத்தனை மாதத்தில் நடந்தாள், தவழ்ந்தாளா, என் மசக்கையில் நான் என்ன மாத்திரை தின்றேன் என்று என் மனம் பின்னாலேயே போனது. அவள் பிறந்த ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவளுடைய குதிங்காலில்தான் ஊசி குத்தி ரத்தம் எடுத்தாள். எல்லாக் குழந்தைக்கும் எடுப்பதுதான் என்றாள். என் கட்டைவிரலளவு குதிங்கால். அதன்மேல் வட்டமாக ஒரு பிளாஸ்திரி. அன்றைக்கு ஏதாவது நரம்பில் பட்டுவிட்டதோ? இப்படியும் நினைத்தேன். ஆறு வருஷம் ஓடியாடிய பிள்ளையைப் பற்றி இப்படி நினைப்பது பைத்தியக்காரத்தனம் என்றும் தெரிந்தது. தெரிந்தும் நினைத்தேன்.

குழந்தை டாக்டரிடம் கூட்டிப்போனோம். அவர் ஒரு பஞ்சாபிப் பெண்மணி. மகளைப் படுக்க வைத்துப் பாதத்தை மடக்கிப் பார்த்தார், முட்டியைத் தட்டிப் பார்த்தார். நன்றாக மடங்கியது. பிறகு தரையில் இறக்கி, “ஏடி நீச்சே, பேட்டா. ஷாபாஷ்” என்று குதிங்காலை ஊன்றச் சொல்லி மெதுவாகத் தோளை அழுத்தினார்.

மகள் அலறிவிட்டாள். “நஹீ! சாம்ப் ஆயேகா!”

பாம்பு வரும் என்று கத்துகிற பிள்ளையைப் பார்த்துவிட்டு டாக்டர் என்னைப் பார்த்தார். வீட்டில் பாம்பு ஏதாவது வந்ததா, யாராவது பயமுறுத்தினார்களா என்று இந்தியில் கேட்டார். நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் சுவரில் இருந்த தடுப்பூசி அட்டவணையைப் பார்த்தார். எங்கள் வேதத்தில் உள்ள முதல் நற்செய்தி என்று எப்படிச் சொல்வது? “ஏக் கஹானி தீ” என்றேன். ஒரு கதை.

“அந்தக் கதையைக் கொஞ்ச நாள் சொல்லாதீர்கள்” என்றார் டாக்டர். காலில் ஒரு கோளாறும் இல்லை, பயம் போனால் சரியாகிவிடும், போகவில்லை என்றால் திரும்ப வாருங்கள் என்று அனுப்பினார்.

திரும்பும்போது ஆட்டோவில் மகளை மடியில் வைத்துக்கொண்டேன்.

“பாம்பு கடிக்கும்னு யாருடா சொன்னது உனக்கு?”

“நீதான்.”

“நானா?”

“ஸ்திரீன்னா அம்மா. வித்துன்னா அம்மாவோட பிள்ளை. நீ அம்மா. நான் பிள்ளை. அப்ப ஏடியும் என்னோடதுதான்.”

ஒரு சொல்கூடத் தப்பில்லை. நான் சொல்லிக்கொடுத்த பொருளை அப்படியே பொருத்திப் பார்த்திருக்கிறாள். இஸ்திரிப் பெட்டி என்று நினைத்துக்கொண்டிருந்த வரை பாம்பு மரத்தடியோடு நின்றது. சரியான தமிழைச் சொல்லி அதை நான்தான் மாடிக்குக் கொண்டுவந்தேன்.

முன்னிருக்கையில் இருந்த என் கணவர் திரும்பி, “ஏட்டி, பாம்பு லிஃப்ட்டுல ஏறி வராதுட்டி. நம்ம பிளாக்குல லிஃப்ட்டே இல்ல” என்றார். மகள் என் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும், வசனத்தை வைத்தே பயத்தைப் போக்கிவிடலாம் என்று எனக்கு ஒரு யோசனை தோன்றியது. அந்த வசனத்தில் 'அவர்' என்றிருக்கிறது. நம் மொழியில் சின்னப் பிள்ளையை யாரும் அவர் என்று சொல்வதில்லை. அப்படியென்றால் அது அவள் இல்லை, பெரியவர் ஒருவர். பிறக்காத குழந்தைக்கும் மரியாதை கொடுத்த அந்தத் தமிழை நினைத்து எனக்கே கண் கலங்கியது. அவளை உட்கார வைத்துச் சொன்னேன்.

“உன்னை யாராவது அவர்னு சொல்லுவாங்களா? அவள்னுதானே சொல்லுவாங்க? அவர்னா பெரியவங்களுக்கு மரியாதை. ஆப் மாதிரி.”

அவள் யோசித்தாள். “மேம் என்னை ஆப்னுதான் சொல்றாங்க. ஆப் பைட்டியே. ஆப் சுப் ரஹியே.”

டெல்லிப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்கள் பிள்ளைகளையும் 'ஆப்' போட்டு, நீங்கள் உட்காருங்கள், நீங்கள் சும்மா இருங்கள் என்பார்கள். என் வாதம் அதோடு முடிந்தது.

“அது ஏசப்பாடா. நீ இல்ல” என்று நேராகச் சொன்னேன்.

“ஏசப்பா ஏடில சாம்ப் கடிச்சிடுச்சா?”

“கடிச்ச மாதிரிதான்.”

“அப்புறம்?”

அப்புறம் ஆணிகளைச் சொல்ல வேண்டும். சிலுவைப் படத்தை அவள் பார்த்திருக்கிறாள், ஆனால் கால்களை உற்றுப் பார்த்ததில்லை. இப்போது நான் சொன்னால் பார்ப்பாள். வேண்டாம் என்று நிறுத்திக்கொண்டேன். அடுத்து அவள் கேட்டது: “ஏசப்பாவோட அம்மாவுக்கு முன்னாடியே தெரியுமா?” சாதம் குழைந்துவிடும் என்று சொல்லி அடுக்களைக்குப் போய்விட்டேன். குக்கரை அப்போது நான் அடுப்பில் வைக்கவே இல்லை.

அந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போதகரைப் பிடித்துக்கொண்டேன். அவர் ஊரிலிருந்து வந்து கொஞ்ச காலந்தான் ஆகிறது. என் தம்பி வயதுதான் இருக்கும். கைக்குழந்தைக்காரர். எங்கள் சபையில் டெல்லிக் குளிரிலும் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவோம். ஊர் வழக்கம், யாரும் விடவில்லை. வாசலில் என் மகள் மட்டும் ஷூவைக் கழற்ற மாட்டேன் என்று அழுது, கடைசியில் அவள் அப்பா தூக்கிக்கொண்டே உள்ளே போனார். கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியிலும் மேடையில் வெறுங்காலோடுதான் நிற்க வேண்டும்.

போதகர் நிதானமாகச் சொன்னார். “அக்கா, அடி விழுத இடத்தப் பாருங்க. ஒண்ணு தலையில, இன்னொண்ணு குதிங்கால்ல. தலை நசுங்குனா பாம்பு செத்துச்சு. குதிங்கால்ல பட்டா வலிக்கும், ரத்தம் வரும், ஆனா ஆளு எந்திச்சிருவாரு. மூணாம் நாள் எந்திச்சாரே! ஜெயிப்பாருன்னு சொல்லும்போதே காயப்படுவாருன்னும் ஆண்டவரு மறைக்காம சொல்லிட்டாரு. அதான் இதுக்கு முதல் நற்செய்தின்னு பேரு.”

“அப்ப பாம்பு செத்துட்டுல்லா பாஸ்டர்? பிறகு ஏன் நமக்கு இன்னும் பயம்?”

“பாம்ப அடிச்சுப் பாத்திருக்கீங்களா? தலை நசுங்குன பிறகும் வாலு கிடந்து அடிக்கும். அந்த வாலடியிலதான் நாம இருக்கோம்.”

நல்ல விளக்கம். ஆனால் ஒரு தாயிடம் வாலடி என்று சொல்லலாமா? என் பழைய கேள்வியை, ஏவாளின் தைரியத்தைப் பற்றிய கேள்வியை, அவரிடம் கேட்டேன். அவர் தாடையைத் தடவினார்.

“தெரியலக்கா. வீட்டுக்காரிட்ட கேட்டுச் சொல்லுதேன்” என்றார். அவர் மேல் எனக்கு அப்போதுதான் மதிப்பு கூடியது.

வேண்டுமென்றால் பிள்ளைக்குப் பெத்லகேம் வசனத்தை மாற்றிக் கொடுக்கலாம், அதில் ஊர்ப் பெயர்தான், பயமில்லை என்றும் சொன்னார். அப்பாவின் தோளில் இருந்த மகள் உடனே தலையைத் தூக்கினாள். “நஹீ. அது என்னோடது.” பயப்படுகிற வசனத்தை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனமில்லை.

என் கணவர் விளக்கங்களில் நம்பிக்கை இல்லாதவர். அன்று சாயங்காலம் என் பச்சைத் துப்பட்டாவை முறுக்கி, ஒரு நுனியில் முடிச்சுப் போட்டு, தரையில் நெளிய விட்டார்.

“ஏட்டி, பாம்பு வருது பாரு! தலை எங்கருக்கு?”

மகள் சோபாவில் ஏறிக்கொண்டாள். அவர் விடவில்லை. துப்பட்டாவைத் தானே மிதித்துக் காட்டினார். “அய்யோ அம்மா” என்று பாம்பின் குரலில் கத்தினார். அவள் மெல்ல ஒரு காலை இறக்கினாள். நுனிக்காலால் ஒரு தட்டு.

“அது கொசு அடிக்குத அடி. முழுக் காலால மிதிட்டி! தலையில!”

மிதித்தாள். குதிங்கால் தரையில் 'தொம்' என்று விழுந்தது. கீழ்வீட்டுக்காரர்கள் என்ன நினைப்பார்களோ என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. மறுபடி மிதித்தாள், மறுபடியும். வியர்த்து, முடி கலைந்து, வாய்விட்டுச் சிரித்தாள். எனக்கு அழுகை வந்தது.

“பாத்தியா? டாக்டரு, பாஸ்டரு எல்லாரையும் விட ஒரு துப்பட்டா போதும்” என்றார் என் கணவர்.

சில நாள் நன்றாக இருந்தது. குதிங்காலை ஊன்றி நடந்தாள். காற்றும் கொஞ்சம் தெளிந்து வெயில் வந்தது. பிள்ளைகளை எல்லாரும் வெளியே விட்டார்கள். இஸ்திரி மேசையின் அடியில், கரி அடுப்பின் சூட்டுக்காகத் தெருநாய் ஒன்று குட்டி போட்டிருந்தது. அந்தப் பெண் ஒரு சாக்கை விரித்து, யாரோ கொடுத்த பழைய ஸ்வெட்டரை மேலே போட்டிருந்தார். நான் துணியை வாங்கிக்கொண்டிருந்தேன். மகள் குட்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

திடீரென்று ஒரு வீறிடல். ஒரு குட்டி சாக்கிலிருந்து உருண்டு, பின்புறத்தை இழுத்துக்கொண்டு ஓடியது. இஸ்திரிக்காரப் பெண் பெட்டியை அப்படியே வைத்துவிட்டுக் குனிந்து அதை எடுத்தார். “அரே, யே க்யா கியா?” என்று மகளிடம் கேட்டார். என்ன செய்துவிட்டாய் என்று. அதட்டலாகக்கூட இல்லை. ஆச்சரியமாகத்தான் கேட்டார்.

குட்டியின் வால் ஸ்வெட்டருக்கு வெளியே நெளிந்திருக்கிறது. மகள் அதை மிதித்திருக்கிறாள். முழுக் காலால், குதிங்காலை ஊன்றி.

என்னைக் கலக்கியது மிதித்தது அல்ல. பிள்ளைகள் மிதிக்கும். ஆனால் அவள் உடனே நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்த முகத்தில் பயம் ஒரு துளி இல்லை. நான் கைதட்டுவேன் என்று காத்திருந்த முகம் அது.

“நாய்க்குட்டின்னு தெரியலையா உனக்கு?” என்று கேட்டேன்.

“தெரியும். ஆனா சாம்ப் மாதிரி ஆடுச்சு.”

குட்டிக்குப் பெரிதாக ஒன்றுமில்லை, மறுநாளே ஓடியாடியது. என்னால்தான் அதை மறக்க முடியவில்லை. ஏவாள் முதல் பிள்ளையைப் பெற்றதும் எவ்வளவு பூரித்துப்போனாள் என்று அதற்கடுத்த அதிகாரத்தில் இருக்கிறது. கர்த்தரே தந்த மகன் என்று மகிழ்கிறாள். பாம்பின் தலையை நசுக்கப்போகிறவன் இவன்தான் என்று அவள் நம்பியிருக்கலாம். எப்போது, எத்தனை தலைமுறைக்கு அப்பால் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லையே. அந்தப் பிள்ளைதான் வளர்ந்து வயலில் தன் தம்பியை அடித்துக் கொன்றான். இத்தனை நாள் என் பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்று பயந்துகொண்டிருந்தேன். என் பிள்ளையால் யாருக்கு என்ன ஆகுமோ என்று பயப்பட வேண்டும் என்பது எனக்குத் தோன்றியதே இல்லை. பாம்புக்கும் ஒரு வித்து உண்டு என்று அந்த வசனத்திலேயே இருக்கிறது. மனப்பாடம் செய்தபோது அந்தப் பாதியை நான் ஒரே மூச்சில் தாண்டிப் போய்விடுவேன்.

என் கணவரிடம் சொன்னேன். அவர் முதலில், “ஆறு வயசுப் பிள்ளய கொலைகாரனோட சேக்கியே, உனக்கே நல்லாருக்கா?” என்றார். கொஞ்ச நேரம் கழித்துத் துப்பட்டாவின் முடிச்சை அவிழ்த்து மடித்து வைத்தார். விளையாட்டு போதும் என்று மகளிடம் சொன்னார். ஏன் என்று அவள் கேட்டாள்.

மறுநாள் வசனப் பயிற்சி. அடுக்களையில் நின்று சொல்லிக்கொண்டே வந்தவள் கடைசி வரியில் நின்றுவிட்டாள்.

“அம்மா, ரெண்டு பேரும் நசுக்குறாங்க.”

“என்னது?”

“அவரும் நசுக்குவார். சாம்ப்பும் நசுக்கும். ஒரே வேர்டு.”

எனக்கு இத்தனை வருஷம் காதில் விழாதது அது. தலைக்கும் குதிங்காலுக்கும் தமிழில் ஒரே வினைச்சொல். போதகர் அடிபடுகிற இடத்தை வைத்து வித்தியாசம் சொன்னார். பிள்ளை செய்கிற வேலையைப் பார்க்கிறாள்.

“பப்பியை நான் நசுக்கிட்டேன். தலை இல்ல, பூஞ்ச்.” வால் என்பதற்கு அவளுக்கு இந்திதான் வரும். “அப்ப நான் யாரோட வித்து?”

“நீ என் பிள்ளைடா” என்றேன். சொன்னவுடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன். அந்த வார்த்தையிலிருந்துதானே எல்லாம் தொடங்கியது. அவள் என்னையே பார்த்துக்கொண்டு, முதலில் ஒரு குதிங்காலைத் தூக்கினாள், பிறகு மற்றதை. நுனிக்காலிலேயே நடந்து அறைக்குப் போனாள். இந்த முறை பாம்பு வரும் என்று அவள் அழவில்லை. தரையில் இருக்கிற எதையும் மிதித்துவிடக் கூடாது என்பது போல, பார்த்துப் பார்த்து அடிவைத்துப் போனாள்.

வருகிற ஞாயிறு நிகழ்ச்சி. வெள்ளைக் கவுன் தைத்து வந்துவிட்டது. வசனத்தை மாற்றிவிடு, பிள்ளை மனசு முக்கியம் என்கிறார் என் கணவர். பிள்ளைக்கே ஆசை என்றால் சொல்லட்டும், சொல்லச் சொல்லத்தான் அர்த்தம் இறங்கும் என்கிறார் போதகர். டாக்டர் கதையையே சொல்லாதே என்றுவிட்டார். மகளோ, வசனத்தை யாருக்கும் தரமாட்டேன் என்கிறாள், காலையும் ஊன்றமாட்டேன் என்கிறாள். மேடையில் எல்லாருக்கும் முன்னால் அவள் நுனிக்காலில் நின்றால் நின்றுவிட்டுப் போகட்டும். அது எனக்கு அவமானமில்லை. அவள் கேட்ட கேள்வி என்னிடம் நிற்கிறது. எந்தப் பிள்ளைக்குள்ளும் இரண்டு வித்தும் இருக்கிறது என்று சொல்வதா? அது உண்மை என்றுதான் நினைக்கிறேன், ஆனால் ஆறு வயதில் அதைத் தாங்குவாளா? நீ நல்லவள், நாய்க்குட்டி விஷயம் தெரியாமல் நடந்தது என்று தேற்றுவதா? தெரிந்தே செய்தேன் என்று அவளே சொல்லிவிட்டாளே. ஏசப்பாவின் காலில் இருக்கிற காயத்தைக் காட்டி, பிறரை மிதித்த கால்களுக்காகவும்தான் அது என்று சொல்வதா? அப்படிச் சொன்னால் ஆறுதல் வருமா, இன்னொரு பயம் வருமா?

இதைப் படிக்கிறவர்களில் பிள்ளை வளர்த்தவர்கள் இருப்பீர்கள். வேதம் படிப்பவர்கள் இருப்பீர்கள், படிக்காதவர்களும் இருப்பீர்கள். எனக்கு யாருடைய யோசனையும் வேண்டும். “நான் யாரோட வித்து?” என்று உங்கள் பிள்ளை உங்கள் முகத்தைப் பார்த்துக் கேட்டால், ஞாயிற்றுக்கிழமைக்குள் நீங்கள் என்ன சொல்வீர்கள்? தயவுசெய்து எனக்கு எழுதுங்கள்.